துன்ப நாட்களில் ஜெபத்தைப் பிடித்துக்கொள்வது எப்படி: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

என் கணவருடைய வேலை ஒரு வியாழக்கிழமை மாலையில் போயிற்று. நாங்கள் ஈசூனில் ஒரு வாடகை வீட்டில் குடியேறி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மகள் பாலர் பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. நான் விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவள், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். ஆனாலும் அன்றிரவு முழங்காலில் நின்றபோது ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. அடுத்த பல நாட்கள் அப்படியே கழிந்தன. ஜெபிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நெருக்கத்தில் ஜெபிப்பதற்குத் தனியாக ஒரு ஒழுங்கு வேண்டும் என்பது தட்டுத் தடுமாறித்தான் விளங்கியது. தாய் தகப்பன் அருகில் இல்லாத இந்த ஊரில் இதே நிலையில் நிற்கும் ஒருவருக்காவது அந்தத் தடுமாற்றம் குறைய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்

ஜெபத்தைப் பற்றிய வழிகாட்டியில் இது ஏன் முதல் படி என்று தோன்றலாம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். தேவன் அவருக்கு முதலில் அனுப்பியது புத்திமதியைத் தாங்கிய தூதனை அன்று. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று தட்டி எழுப்பிய தூதனை. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறை வந்து மறுபடியும் சாப்பிடச் சொன்னார். தேவன் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

நான் முதல் வாரத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து அழுதேன், காலையில் காப்பி மட்டும் குடித்தேன், அதை ஜெப விழிப்பு என்றும் நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஆகவே பசியோடும் தூக்கமில்லாமலும் இருக்கிறவர்கள் இந்த முதல் படியிலேயே இரண்டு நாள் நின்றாலும் தவறில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டில் எவருக்கோ வந்தால், ஜெபித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பினர் 24 மணி நேரமும் பேசுவார்கள்; உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. ஒரு கை தொலைபேசியைப் பிடித்திருக்கும்போதே உங்கள் உள்ளம் ஆண்டவரைக் கூப்பிடலாம், அவர் அதையும் கேட்கிறார்.

2. ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் குறியுங்கள்

மனம் வரும்போது ஜெபிக்கலாம் என்று விட்டால் துன்ப நாளில் மனம் வரவே வராது. தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காலில் நின்றதாக வேதம் சொல்கிறது. தொடக்கத்தில் அந்த மூன்றுக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு வேளை போதும், பத்து நிமிடம் போதும், ஆனால் அது தினமும் ஒரே வேளையாக இருக்க வேண்டும். நான் காலை 5.10 மணியைக் குறித்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பிப்பதற்கும் கீழே முதல் பேருந்து வந்து நிற்கும் ஓசைக்கும் நடுவில் அந்த வீட்டில் எனக்கென்று இருந்த நேரம் அவ்வளவுதான்.

இடம் கிடைப்பது இந்த ஊரில் உண்மையான சிக்கல். இயேசு அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்னார். வாடகை அறையில் நான்கு பேரோடு இருப்பவருக்கும், விடுதியில் பல படுக்கைகளுக்கு நடுவில் படுப்பவருக்கும் பூட்டக் கதவு ஏது? நான் சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். விடுதியில் இருந்த ஒரு தம்பி, வேலைக்குப் போகும் லாரியில் ஏறியதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜெபிப்பதாகச் சொன்னார். அதுவும் அறைவீடுதான்.

வெளியே போக முடிந்தவர்களுக்குத் தாவரவியல் பூங்கா ஒரு கொடை. காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12 மணிவரை இருக்கும், உள்ளே செல்லக் கட்டணம் கிடையாது. நடந்துகொண்டே ஜெபிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அழுகையைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று நினைக்கும் தாய்மாருக்கு அதைவிட நல்ல இடமும் இல்லை. ஆனால் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் பாட்டும் ஜெபமுமாகக் கூட்டம் நடத்த நினைத்தால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். வீட்டுக் கூட்டத்திலும் அண்டை வீட்டாரின் உறக்கத்தை மதித்துக் குரலைத் தாழ்த்துங்கள். அன்னாள் உதடு மட்டும் அசைய, சத்தமே இல்லாமல் ஜெபித்தார். ஆசாரியனாகிய ஏலிக்குக்கூட அது கேட்கவில்லை, தேவனுக்குக் கேட்டது.

3. காகிதங்களைத் தேவனுடைய முன்னிலையில் விரியுங்கள்

எனக்கு அடைபட்டிருந்த ஜெபம் திறந்தது இந்தப் படியில்தான். அசீரிய ராஜா சனகெரிப் அனுப்பிய மிரட்டல் நிருபத்தை எசேக்கியா ராஜா வாசித்தபின், நேராகக் கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய் அதை அவருக்கு முன்பாக விரித்து வைத்தார் என்று 2 இராஜாக்கள் 19இல் இருக்கிறது. அவர் தம் கஷ்டத்தை அழகான வார்த்தையாக மாற்றிக்கொண்டு போகவில்லை. வந்த கடிதத்தையே எடுத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நானும் அதைச் செய்தேன். சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பைத் துடைத்துவிட்டு, பணிநீக்கக் கடிதம், வாடகை ஒப்பந்தம், நாங்கள் இங்கே தங்குவதற்கான அனுமதியான எங்கள் மூவரின் பாஸ் அட்டைகள், வங்கிக் கணக்கின் கடைசி அறிக்கை, பாலர் பள்ளியின் கட்டண ரசீது ஆகியவற்றை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து, அதில் எழுதியிருந்ததை மட்டும் ஆண்டவரிடம் வாசித்தேன். ஆண்டவரே, இது கடைசித் தேதி. ஆண்டவரே, இதில் இருக்கும் தொகை இவ்வளவு. மின்விசிறிக் காற்றில் ரசீது பறக்காதபடி மகளின் தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் வைத்திருந்தேன். அந்தப் போத்தலைப் பார்த்தபோதுதான் முதல் முறையாக அழுகையோடு சேர்ந்து ஜெபமும் வந்தது.

நீங்கள் செய்யும்போது உங்கள் சூழ்நிலைக்கு ஏற்ற காகிதங்களை எடுத்து வையுங்கள். நோய் என்றால் மருத்துவமனைக் கட்டண மதிப்பீடும் அடுத்த சந்திப்புக்கான தேதியும், கடன் என்றால் யாருக்கு எவ்வளவு என்று உங்கள் கையால் எழுதிய பட்டியலும். இப்படி விரித்து வைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: பயத்தில் நாம் பார்க்காமல் ஒளித்து வைத்த தேதிகள் கண்ணில் படும். ஜெபிக்கிறேன் என்பதற்காக எந்தக் கெடுவும் நமக்காக நிற்காது. எங்கள் மேசையில் தெரிந்தவை இவை. வேலை இழந்த மற்றவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியாகிய எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ ரத்தானால், அதைச் சார்ந்து குடும்பத்தார் தங்கியிருக்கும் டிபென்டன்ட் பாஸும் அதோடு போய்விடும். அதன்பின் பொதுவாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதி தரப்படும். வெளிநாட்டவருடைய வரிக் கணக்கை முடித்துக் கொடுப்பதற்காக நிறுவனம் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பது சட்டப்படியான நடைமுறை. இதை அறியாமல் அது எங்களுக்கு எதிரான தண்டனை என்று எண்ணி, ஒரு வாரம் முழுக்க நிறுவனத்தின் கணக்கரின் மேல் மனக்கசப்போடு ஜெபித்தேன். அந்த ஜெபத்தில் எனக்குச் சமாதானம் கிடைக்காததில் வியப்பில்லை. சம்பளப் பாக்கி உண்மையாகவே இருந்தால், வேலையை விட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் டிஏடிஎம் எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் முறையிட வேண்டும். நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிடுவதற்குக் கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதம்தான் அவகாசம். அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணச் சுமையைப் பற்றிப் பேசுவதற்கு மருத்துவ சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள். வார்டுத் தாதியிடம் கேட்டாலே வழி காட்டுவார். இந்தக் கதவுகளைத் தட்டுவது விசுவாசக் குறைவு ஆகாது. காலையில் விரித்து வைத்த காகிதத்தை மத்தியானம் எடுத்துக்கொண்டு உரிய இடத்துக்குப் போவது அந்த ஜெபத்தின் தொடர்ச்சிதான்.

4. சொந்த வார்த்தை இல்லாதபோது சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள்

சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன, அவற்றில் கணிசமானவை புலம்பல்கள். துன்பத்தில் இருக்கிறவருக்கு எல்லோரும் 23ஆம் சங்கீதத்தையும் 121ஐயும் அனுப்புவார்கள். அவை பொக்கிஷங்கள்தாம், ஆனால் முதல் வாரத்தில் புல்லுள்ள இடங்களைப் பற்றி வாசிக்க எனக்கு முடியவில்லை. 13இலிருந்து தொடங்குங்கள் என்பது என் பரிந்துரை. ஆறே வசனங்கள் கொண்ட அந்தச் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே, எதுவரைக்கும் என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. தேவனிடம் இப்படிக் கேட்கலாமா என்று அஞ்சுகிறவர்களுக்கு வேதமே கொடுத்திருக்கும் அனுமதி அது.

அடுத்து 42, பிறகு 130. நெருக்கம் மிகவும் ஆழமானால் 88. அந்தச் சங்கீதம் சிநேகிதரும் தோழரும் விலகிப்போனதைச் சொல்லி, ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமலே முடிந்துவிடுகிறது. அதை வாசித்து முடித்தபோது, என்னைவிடக் கடினமான இரவில் இருந்த ஒருவரும் கர்த்தாவே என்றுதான் தொடங்கியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய பிடிமானமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். மெதுவாக, உதடு அசையும்படி வாசியுங்கள். கத்தோலிக்கர் தங்கள் திருவிவிலியத்தில் திருப்பாடல்கள் என்ற பெயரில் இவற்றைக் காணலாம். அதுவும் முடியாத நாளில், ஆண்டவரே என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்திருங்கள். நமக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8 சொல்வது இப்படிப்பட்ட நாட்களுக்குத்தான்.

5. ஒருவரிடமாவது சொல்லுங்கள், ஆனால் ஆளைத் தெரிந்து சொல்லுங்கள்

இயேசுவே கெத்செமனேயில் பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரை அருகில் வைத்துக்கொண்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு. ஆள் வேண்டும் என்று அவர் கேட்டார். நாமோ ஊரில் கௌரவம் போய்விடும் என்று மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருக்கிறோம்.

உங்களுக்கு இன்னும் ஒரு சபை அமையவில்லை என்றால், தமிழில் ஆராதிக்கும் இடங்கள் இங்கே உண்டு. ரோச்சோர் நிலையத்துக்கு அருகே ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. ஃபேரர் பார்க் பக்கம் டார்செட் சாலையில் கிறைஸ்ட் சர்ச் என்னும் ஆங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு ஓபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம். தமிழ்த் திருப்பலிக்குப் பல காலமாகத் தமிழர் கூடும் இடம் அது. தாம்சன் சாலையில் உள்ள நொவினா ஆலயத்தில் சனிக்கிழமைகளில் நவநாள் வழிபாடு நடக்கிறது; மக்கள் தங்கள் வேண்டுதலையும் நன்றியையும் கடிதமாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆராதனை நேரங்கள் மாறக்கூடும் என்பதால் புறப்படுமுன் சபை அலுவலகத்தை அழைத்துக் கேட்டுவிடுங்கள். ஆராதனை முடிந்ததும் கதவை நோக்கி விரைந்துவிடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். பாஸ்டரிடம், ஐயா, எங்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொன்னால் போதும், முழுக் கதையையும் அங்கேயே சொல்ல வேண்டியதில்லை.

இல்லப் பணிப்பெண்ணாக இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 2023 ஜனவரி முதல், மாதத்தில் குறைந்தது ஓர் ஓய்வு நாளை முதலாளி கட்டாயமாகத் தர வேண்டும். அந்த ஒரு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. அந்த நாளை முன்கூட்டியே பேசி ஞாயிறாக வாங்கிக்கொண்டால் ஆராதனைக்கும் போய்வரலாம்.

வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் என்ன போடலாம் என்பதில் நான் சூடுபட்டிருக்கிறேன். கணவருக்கு வேலை போனதை, நிறுவனம் எது, மேலாளர் என்ன சொன்னார் என்ற விவரங்களோடு எழுதிவிட்டேன். இரண்டு நாளில் அது எங்கள் உறவினர் வழியாக ஊருக்கே போய்ச் சேர்ந்து, மாமியார் அழுதுகொண்டே அழைத்தார். ஜெபக் குறிப்பு இரண்டு வரியில் இருக்கட்டும். பாஸ் எண், கடிதத்தின் படம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றைக் குழுவில் போடவே வேண்டாம்.

உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, மறைவான பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லும் ஆட்களும் வருவார்கள். யோபுவின் நண்பர்கள் பேசியது அதைத்தான், கடைசியில் தேவன் கோபப்பட்டது அவர்கள்மேல்தான். எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் அக்கா எதுவும் பேசாமல் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, மகளைக் கீழே விளையாட்டுத் திடலுக்கு அழைத்துக்கொண்டு போனார். உங்களுக்குத் தேவை அப்படிப்பட்டவர்.

6. செலவுக் கணக்கு

ஜெபத்துக்குக் கட்டணம் கிடையாது. சபையில் காணிக்கைப் பை வரும்போது கையில் இல்லையென்றால் கொடுக்காமல் இருப்பதில் வெட்கம் இல்லை. தமிழ் வேதாகமம் கைபேசிச் செயலிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு ஆன செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும், ஞாயிறன்று போய்வர ரயில் கட்டணமும்தான்.

ஆகவே உங்களுக்காக விசேஷ ஜெபம் ஏறெடுக்கிறோம், எண்ணெய்ப் போத்தல் அனுப்புகிறோம், இத்தனை வெள்ளியை (டாலரை) பேநவ் என்னும் கைபேசிப் பணப் பரிமாற்றம் மூலம் அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வேலை போனவர்களையும் நோயாளிகளின் குடும்பத்தாரையும் தேடித்தேடி இப்படிக் கேட்கிறார்கள். எனக்கும் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து, உன் கணவனுக்கு 21 நாளில் வேலை என்று தீர்க்கதரிசனம் வந்திருப்பதாகச் செய்தி வந்தது, அதன் அடியில் ஒரு தொகையும் இருந்தது. யாக்கோபு நிருபம் சபையின் மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது; அதற்கு உங்கள் சொந்தச் சபையின் போதகரே காசு கேளாமல் வருவார்.

7. உபவாசமும் பொருத்தனையும்

உபவாசம் நல்லது, ஆனால் முதல் படியை நினைவில் வையுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், வெயிலில் வேலை செய்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை விட வேண்டாம். ஒரு வேளைக்குக் கைபேசியையோ தொலைக்காட்சியையோ விடலாம்.

பொருத்தனை பண்ணுவதில் அவசரப்படாதீர்கள். இந்த வேலை கிடைத்தால் இத்தனை ஆயிரம் வெள்ளி தருகிறேன் என்று அழுகையின் நடுவில் சொல்லிவிட்டு, பிறகு அந்த வாக்கே இன்னொரு பாரமாகி நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். செய்த பொருத்தனையைச் செலுத்தாமல் போவதைவிடப் பொருத்தனை செய்யாமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி 5ஆம் அதிகாரம் சொல்கிறது.

8. எத்தனை நாள் ஆகும்

நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. 26ஆம் நாள் நாங்கள் மூவரும் பெட்டிகளோடு சாங்கி விமான நிலையத்தில் நின்றோம். வாடகை முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. தமிழ்நாட்டு நாசரேத்தில் என் அம்மா வீட்டில் ஏழு மாதம் இருந்தபின்தான் வேறொரு நிறுவனத்தில் என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது.

அப்படியானால் ஜெபித்ததற்கு என்ன பலன் கிடைத்தது என்று கேட்பீர்கள். அந்த 26 நாட்களில் கடைசிப் பதினைந்து நாளும் என் கை நடுங்காமல் இருந்தது. வீட்டு உரிமையாளரிடம் நிமிர்ந்து பேசினேன், மகளின் பள்ளியில் நன்றி சொல்லி விடைபெற்றேன், கணவர் குனிந்து உட்கார்ந்த இரவில் அவர் தலையில் கை வைத்து ஜெபிக்க எனக்குச் சத்துவம் இருந்தது. பன்னிரண்டாம் நாளுக்கு முன் இருந்த நான் இவற்றில் ஒன்றையும் செய்திருக்க மாட்டேன். அப்போஸ்தலனாகிய பவுல், முள் என்று தாம் சொன்ன வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. கிருபை போதும் என்ற பதில் வந்தது. அது வெறும் ஆறுதல் மொழி என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

பதிலை அடையாளம் காண்பதற்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் தேதியும் கேட்டதும் ஒரே வரியில். வலப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஏதாவது நடக்கும்போது, கேட்டபடி நடந்தாலும் வேறுவிதமாக நடந்தாலும், அங்கே தேதியோடு எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு இரவில், திரும்பிப் படியுங்கள். தினமும் புரட்டினால் கணக்குப் பார்க்கிற மனம் வந்துவிடும். நெருக்கம் நீங்கிய பிறகும் நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். என்னுடைய முதல் நோட்டில் வலப்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கும் வரிகள் ஏழு. மகள் இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கிறாள், புளோக்கும் மாறிவிட்டது, 5.10 மணிக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு அந்த ஏழு வரிகளையும் இன்றைக்கும் வாசித்துத்தான் தொடங்குகிறேன்.